துறவிகள் கட்டிய கல்லூரியும் நம் தெருப் பிள்ளைகளும்

பிளஸ் டூ முடிவு வந்த மறுநாள். ஊத்துக்குளிக்குப் பக்கத்தில் அருந்ததியர் குடியிருப்பு ஒன்றில், ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். அந்த வீட்டுப் பெண் அரசுப் பள்ளியில் படித்து நல்ல மதிப்பெண் எடுத்திருந்தாள். அப்பா பனியன் கம்பெனியில் அயர்னிங், அம்மா செக்கிங். தேர்வு முடிந்த வாரத்திலிருந்தே மகளும் அம்மாவோடு கம்பெனி வேனில் ஏறிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைச் சம்பளத்தில் மூன்றாவது ஆளின் பணமும் சேர்ந்து வரத் தொடங்கிய வீடு. அந்தப் பணம் வந்து பழகிய பிறகு ஒரு பிள்ளையைத் திரும்பப் படிக்க அனுப்புவது எவ்வளவு கடினம் என்பது இந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரியும்.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்: "சிஸ்டருங்க நடத்துற காலேஜ்ல சேர்த்தி உடுங்கண்ணா. பிள்ளைய நல்லாப் பார்த்துக்குவாங்க. இங்கிலீசும் வரும்."

அப்பா திருப்பிக் கேட்டார்: "சேர்த்தலாம்ங்க. அங்க நம்ம சனத்துக்குக் கோட்டா இருக்குதுங்களா?"

திண்ணையில் இருந்த யாருக்கும் சரியான பதில் தெரியவில்லை. "சாமியாருங்க நடத்துறது, ஏழைகளுக்குக் குடுக்காமயா இருப்பாங்க?" என்றார் ஒருவர். "அவங்க சனத்துக்குத்தான் குடுப்பாங்க" என்றார் இன்னொருவர். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. சேர்க்கைக் காலம் என்பதால் இந்த வாரம் அந்த அப்பாவின் கேள்வியையே எடுத்துக்கொள்வோம்.

யார் கட்டியவை?

கத்தோலிக்கக் கல்லூரி என்று பொதுவாகச் சொன்னாலும், தமிழ்நாட்டில் பெயர்பெற்ற கல்லூரிகளில் பலவற்றை நடத்துபவை துறவற சபைகள். ஒவ்வொரு சபைக்கும் ஒரு நிறுவனர், ஒரு வரலாறு, ஒரு நோக்கம் உண்டு. திருச்சி புனித வளனார் கல்லூரி, பாளையங்கோட்டை புனித சவேரியார் கல்லூரி, சென்னை லயோலா, கருமாத்தூர் அருளானந்தர் கல்லூரி ஆகியவை இயேசு சபையினுடையவை. வளனார் கல்லூரி 1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-ல் திருச்சிக்கு வந்தது. சவேரியார் கல்லூரி 1923, லயோலா 1925, அருளானந்தர் 1970. திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி 1951-ல் சலேசிய சபையார் தொடங்கியது. சென்னை ஸ்டெல்லா மாரிஸ், திருச்சி ஹோலி கிராஸ், மதுரை பாத்திமா ஆகியவை வெவ்வேறு கன்னியர் சபைகள் நடத்துபவை. நமக்கு அருகில் கோவையில் இருக்கும் நிர்மலா மகளிர் கல்லூரி 1948-ல் தொடங்கப்பட்டது. அதை நடத்தும் பிரான்சிஸ்கன் கன்னியர் சபையே 19-ஆம் நூற்றாண்டில் கோவையில் பிறந்ததுதான்.

இந்தக் கல்லூரிகளின் விழா மேடைகளிலும் மலர்களிலும் அடிக்கடி வருகிற சொல் 'மரபு'. எங்கள் சபையின் மரபு, எங்கள் நிறுவனரின் கனவு, எங்கள் கல்விப் பாரம்பரியம் என்று சொல்வார்கள். அது வெறும் அலங்காரச் சொல் என்று நாம் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. மற்ற தனியார் கல்லூரிகளை ஒரு குடும்பமோ, ஒரு மில் முதலாளியோ, ஒரு சாதிச் சங்கமோ நடத்துகிறது. இங்கே சொத்து யாருடைய பிள்ளைக்கும் போவதில்லை. நடத்துபவர்கள் வறுமை வாக்குக் கொடுத்தவர்கள். அப்துல் கலாம் உட்பட எத்தனையோ சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள் அங்கே படித்து வெளியே வந்திருக்கிறார்கள்.

அப்படியானால், அந்த மரபு நம் தெருவுக்கு என்ன தர வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. அதற்கு முன், சட்டம் என்ன தருகிறது என்று பார்த்துவிடுவோம்.

சட்டம் சாத்திய இரண்டு கதவுகள்

திருப்பூர் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரியிலோ எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கல்லூரியிலோ நம் பிள்ளை விண்ணப்பித்தால் கணக்கு தெளிவாக இருக்கிறது. பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு. அதற்குள் 2009-ல் வந்த சட்டப்படி அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு. அந்த உள்ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 2024 ஆகஸ்ட் 1 அன்று வழங்கிய தீர்ப்பால் உறுதியாகிவிட்டது. யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

சிறுபான்மையினர் நடத்தும் கல்லூரியில் இந்தக் கணக்கு இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 30(1) பிரிவு, சமய, மொழிச் சிறுபான்மையினர் தாங்கள் விரும்பும் கல்வி நிறுவனங்களைத் தொடங்கி நடத்த உரிமை தருகிறது. தனியார் கல்லூரிகளிலும் பட்டியல் சாதியினருக்கு இடம் ஒதுக்கச் சட்டம் இயற்றலாம் என்று 93-ஆவது திருத்தத்தின் வழியாக வந்த 15(5) பிரிவு, அதே வரியில் சிறுபான்மை நிறுவனங்களுக்கு விலக்கும் தந்துவிட்டது. தமிழ்நாடு அரசு 2006-ல் தனியார் கல்வி நிறுவனங்களில் இடஒதுக்கீட்டுக்காக இயற்றிய சட்டமும் அவற்றைத் தொடவில்லை. அரசு சம்பளம் கொடுக்கும் உதவி பெறும் கல்லூரியாக இருந்தாலும் இதுதான் நிலை. ஆசிரியர் நியமனத்திலும் 18 விழுக்காட்டுச் சுழற்சி முறை அங்கே கட்டாயமில்லை.

ஆக, இந்து அருந்ததியர் என்று சான்றிதழ் வைத்திருக்கும் நம் பெண்ணுக்கு அங்கே சட்டம் தரும் இடம் எதுவுமில்லை. இது முதல் கதவு.

இரண்டாவது கதவு தலித் கிறிஸ்தவர்களுடையது. நம் பகுதியிலும் ஞாயிறு தோறும் கோவிலுக்குப் போகிற தலித் குடும்பங்கள் இருக்கின்றன. பெயர் ஆரோக்கியம் என்று மாறியிருக்கும். ஊர்க்காரர் கண்ணில் சாதி மாறியிருக்காது. குடியிருப்பதும் அதே தெருவில்தான். ஆனால் 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்துவாக இல்லாதவர் பட்டியல் சாதி ஆகமாட்டார் என்றது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் அந்த வழி இன்றுவரை திறக்கவில்லை. சென்னையில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை என்ற தலித் கிறிஸ்தவர் தொடுத்த வழக்கை 1985-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-ல் அந்த மதத் தடையை நீக்கச் சொன்னது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் போட்டது. ஒன்றிய அரசு 2022-ல் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் அமைத்த ஆணையம் பல முறை காலநீட்டிப்பு வாங்கியிருக்கிறது. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் நிற்கிறார்கள்.

சரி, கிறிஸ்தவர்தானே, கிறிஸ்தவக் கல்லூரியில் முன்னுரிமை கிடைக்காதா? உதவி பெறும் சிறுபான்மைக் கல்லூரி தன் சமயத்தாருக்குப் பாதி இடம் வரை ஒதுக்கலாம். செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரித் தீர்ப்பு வகுத்த எல்லை அது. ஆனால் அந்தப் பாதி 'கிறிஸ்தவர்' என்ற ஒரே பெயரில் கிடக்கிறது. மூன்று தலைமுறையாகப் படித்த, நிலமும் கடையும் உள்ள கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளையும், பனியன் கம்பெனியில் கைமடிக்கும் தாயின் பிள்ளையும் ஒரே வரிசையில் மதிப்பெண்ணோடு நிற்க வேண்டும். அந்த வரிசையில் யார் முன்னால் போவார் என்று சொல்லத் தேவையில்லை.

சிறுபான்மை உரிமையை நாம் எதிர்க்கவில்லை. இன்றைய அரசியல் சூழலில் அந்த உரிமையைப் பறிக்கக் காத்திருப்பவர்கள் தலித்துகள்மீது அக்கறை கொண்டு அதைச் செய்யப்போவதில்லை என்பது நமக்குத் தெரியும். நாம் சொல்வது ஒன்றுதான். சட்டம் கட்டுப்படுத்தாத இடத்தில் ஒரு கல்லூரியைக் கட்டுப்படுத்த மிச்சம் இருப்பது அதன் மரபு மட்டுமே. எனவே அந்த மரபு என்ன என்பது நமக்கு ஒரு வாழ்வாதாரக் கேள்வி.

மரபு ஒன்றல்ல, இரண்டு

இயேசு சபையை எடுத்துக்கொள்வோம். 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, காவி உடுத்து, தமிழும் சமஸ்கிருதமும் கற்று, பிராமணத் துறவியைப் போல வாழ்ந்தார். தமிழ் உரைநடைக்கு அவர் செய்த பங்களிப்பைப் பாடநூல்கள் பேசுகின்றன. அதே நொபிலி, மதுரையில் ஏற்கனவே இருந்த பரதவர் கிறிஸ்தவர்களிடமிருந்தும் அவர்களுக்குப் பணியாற்றிய சக குருவிடமிருந்தும் விலகி வாழ்ந்தார். மேல்சாதியாரைச் சேர்க்க வேண்டுமானால் கீழ்ச்சாதியாரோடு புழங்கக் கூடாது என்பது கணக்கு. பிறகு மற்றச் சாதியாருக்கெனப் 'பண்டாரசாமிகள்' என்ற தனி வகைக் குருக்கள் வந்தார்கள். ஓரியூரில் 1693-ல் கொல்லப்பட்ட அருளானந்தர் அப்படிப்பட்ட பண்டாரசாமிதான். 18-ஆம் நூற்றாண்டில் இந்த வழக்கங்கள் ரோம் வரை சர்ச்சையாகி, 1744-ல் வந்த தீர்வில் பறையர்களுக்கென்று தனியாகக் குருக்களை நியமிக்கும் ஏற்பாடு இருந்தது. தீண்டாமையை ஒழிக்க முடியவில்லை, அதற்கு ஓர் அட்டவணை போட்டுக் கொடுத்தார்கள்.

கல்லூரிக் காலத்திலும் அது தொடர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருச்சியில் மதம் மாறிய பிராமண மாணவர்களுக்கும் குடும்பங்களுக்கும் செயின்ட் மேரீஸ் தோப்பு என்ற தனிக் குடியிருப்பே உருவானது. அதே திருச்சியில் மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் பிணங்களைப் பிரித்து வைத்த சுவர் பல தலைமுறைகள் தாண்டியும் செய்தியாகிக்கொண்டிருந்தது. உயிரோடு இருப்பவரைப் பிரித்தது போதாமல் செத்தவரையும் பிரித்த சுவர்.

இது ஒரு மரபு. இன்னொன்றும் உண்டு.

1973-ல் ஸ்பெயின் நாட்டு வலென்சியாவில் இயேசு சபைக் கல்லூரிகளின் முன்னாள் மாணவர்கள் கூடியிருந்தார்கள். வசதியானவர்கள், பெரிய பதவிகளில் இருப்பவர்கள். சபையின் உலகத் தலைவர் பேத்ரோ அருப்பே அவர்கள் முன் நின்று, உங்களை நீதிக்காக நாங்கள் பயிற்றுவித்தோமா என்று கேட்டு, இல்லை என்று தானே பதிலும் சொன்னார். கேட்டவர்களில் பலருக்குக் கோபம். 1975-ல் சபையின் 32-ஆவது பொதுப்பேரவை, விசுவாசப் பணியும் நீதிக்கான உழைப்பும் பிரிக்க முடியாதவை என்று தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்துக்கு உயிரைக் கொடுத்தவர்களும் உண்டு. எல் சால்வடோர் நாட்டில் ஏழைகள் பக்கம் நின்ற மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் வளாகத்துக்குள் 1989 நவம்பர் 16 அன்று ராணுவம் புகுந்து, தலைவர் இக்னாசியோ எல்லகூரியா உள்ளிட்ட ஆறு குருக்களையும், அங்கே வேலை செய்த ஒரு தாயையும் அவர் மகளையும் சுட்டுக் கொன்றது. நம் திருச்சி மாவட்டத்தில் பிறந்து, பழங்குடி மக்களுக்காக உழைத்து, 2021 ஜூலை 5 அன்று விசாரணைக் கைதியாகவே இறந்துபோன ஸ்டேன் சுவாமியும் இதே சபைக்காரர்தான்.

தமிழ்நாட்டிலும் 1980-களின் பிற்பகுதியிலிருந்து இந்தச் சபை தலித் மக்கள் பக்கம் நிற்பதைத் தன் முன்னுரிமைகளில் ஒன்றாக அறிவித்தது. அதன் உள்ளிருந்தே தலித் குருக்கள் எழுந்து, திருச்சபைக்குள் இருக்கும் சாதியை ஆய்வு செய்து, தெருவில் இறங்கிப் போராடினார்கள். மதுரையில் சபையார் தொடங்கிய ஆய்வு மையமான ஐடியாஸ், தலித் எழுத்துகளை வெளியிட்டது.

பாமா கேட்ட கேள்வி

அந்த மையம் 1992-ல் வெளியிட்ட நூல்தான் பாமாவின் 'கருக்கு'. தமிழில் தலித் தன்வரலாற்றின் தொடக்கம் என்று பேசப்படும் நூல். கன்னியரிடம் படித்து ஆசிரியையானவர் பாமா. தன் சனத்துப் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று நம்பிக் கன்னியர் சபை ஒன்றில் சேர்ந்தார். உள்ளே போய்ப் பார்த்தபோது சபையின் பள்ளிகள் வசதியானவர்களின் பிள்ளைகளுக்கு ஓடிக்கொண்டிருந்தன. நம் சனம் அங்கே இருந்தது, கூட்டிப் பெருக்கவும் பாத்திரம் கழுவவும். ஏழாண்டுக்குள் வெளியே வந்துவிட்டார்.

இந்த ஒரு நூலின் கதையில் நாம் பேசுகிற இரண்டு மரபும் இருக்கின்றன. ஒரு துறவற சபை அவரைத் தாங்கவில்லை. இன்னொரு துறவற சபையின் மையம் அவர் எழுதியதை அச்சிட்டது. எனவே 'சாமியார் கல்லூரி என்றாலே நல்லது', 'சாமியார் கல்லூரி என்றாலே ஏமாற்று' என்ற இரண்டு பேச்சும் நமக்கு உதவாது. எந்தக் கல்லூரி எந்த மரபில் நிற்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆயர்களின் வாயிலிருந்தே ஒப்புதல் வந்திருக்கிறது. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஏற்றுக்கொண்டது. இந்தியக் கத்தோலிக்கர் 1.9 கோடிப் பேரில் 1.2 கோடிக்கு மேல் தலித்துகள் என்றும் சொன்னது. மூன்றில் இரண்டு பங்கு. அப்படியானால் கத்தோலிக்கக் கல்லூரிகளின் வகுப்பறையிலும், ஆசிரியர் அறையிலும், முதல்வர் நாற்காலியிலும், நிர்வாகக் குழுவிலும் அந்த மூன்றில் இரண்டு பங்கு எங்கே? கொள்கையில் எழுதிய எண்ணிக்கை வளாகத்துக்குள் வரும்போது எங்கே கரைகிறது?

தலித் கிறிஸ்தவருக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கும் முன்னுரிமை என்று சேர்க்கைக் கொள்கையில் எழுதி வைத்திருக்கும் கல்லூரிகள் உண்டு. மாலை நேர வகுப்பு நடத்துபவை, ஆங்கிலம் தடுமாறும் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு எடுப்பவை உண்டு. அவற்றைப் பாராட்டத் தயங்க மாட்டோம். ஆனால் இன்னொரு போக்கையும் நாம் பார்க்கிறோம். அரசு உதவி பெறும் பழைய பாடப்பிரிவுகள் அப்படியே நிற்க, அதே வளாகத்தில் சுயநிதிப் பிரிவுகள் பெருகுகின்றன. வேலை கிடைக்கும் என்று நம்பப்படும் புதிய பாடங்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். கட்டணமும் அந்தப் பக்கம்தான். இடம் கிடைத்தும், கட்டணச் சீட்டைப் பார்த்துத் திரும்பி வரும் பெற்றோரை நாம் சந்திக்கிறோம். வாசலில் யாரும் சாதி கேட்கவில்லை, கட்டணமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

கணக்கைத் திறந்த ஒரு பல்கலைக்கழகம்

இதே இயேசு சபையின் பழைய பல்கலைக்கழகம் ஒன்று அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் இருக்கிறது. ஜார்ஜ்டவுன். 1838-ல் மேரிலாந்து இயேசு சபையார் தங்கள் தோட்டங்களில் அடிமைகளாக வைத்திருந்த 272 மனிதர்களை, குழந்தைகள் உட்பட, தென்பகுதி லூசியானாவுக்கு விற்றார்கள். வந்த பணத்தில் ஒரு பகுதி கல்லூரியின் கடனை அடைக்கப் போனது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பல்கலைக்கழகத்தின் 'மரபு' பேசப்பட்ட மேடைகளில் அந்த 272 பேர் வரவில்லை.

2015-ல் மாணவர்கள் போராடினார்கள். விற்பனையை நடத்திய சபைத் தலைவரின் பெயர் ஒரு கட்டடத்துக்கு இருந்தது. அதை மாற்றச் சொன்னார்கள். ஆவணக் காப்பகம் திறக்கப்பட்டது. விற்கப்பட்டவர்களின் பட்டியலை வைத்து இன்று உயிரோடிருக்கும் வழித்தோன்றல்களைத் தேடினார்கள். 2016-ல், அவர்களுக்குச் சேர்க்கையில் முன்னுரிமை என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. 2017-ல் சபையும் பல்கலைக்கழகமும் அவர்கள் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டன. அந்தக் கட்டடத்துக்கு, விற்பனைப் பட்டியலில் முதலில் இருந்த ஐசக் ஹாக்கின்ஸ் என்ற அடிமையின் பெயர் வைக்கப்பட்டது. 2021-ல் அமெரிக்க இயேசு சபையார், வழித்தோன்றல்களோடு சேர்ந்து அமைத்த அறக்கட்டளைக்கு 10 கோடி டாலர் திரட்டித் தருவதாக உறுதி கொடுத்தார்கள்.

அது போதுமா என்பதில் அந்த மக்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. நாம் கவனிக்க வேண்டியது வரிசையை. முதலில் கணக்குப் புத்தகம் திறந்தது. பிறகு பெயர்கள் வந்தன. அதன் பிறகுதான் மன்னிப்பும் இடமும் பணமும் வந்தன. கணக்கைத் திறக்காமல் கேட்கப்படும் மன்னிப்பு விழா மேடைப் பேச்சோடு நின்றுவிடும். நம் நாட்டில் துறவற சபைகள் அடிமை விற்ற கதை இல்லை என்று யாராவது சொல்லலாம். நம் பாட்டன் பூட்டனை யாரும் விற்கத் தேவையில்லாமலே ஊர் வைத்துக்கொண்டிருந்தது என்பதுதான் நம் கதை.

நாம் செய்ய வேண்டியது

கணக்கைத் திறக்கச் சொல்ல நமக்குக் கருவி இருக்கிறது. அரசிடமிருந்து கணிசமான நிதி பெறும் கல்லூரிகள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை என்பதை 2019-ல் ஒரு கல்லூரி அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில். கடந்த ஐந்தாண்டில் உதவி பெறும் பிரிவில் சேர்ந்தவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், அதில் அருந்ததியர் எத்தனை, தலித் கிறிஸ்தவர் எத்தனை? சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பட்டம் முடித்தார்கள்? அரசு சம்பளம் பெறும் ஆசிரியர்களில் எத்தனை பேர் தலித்? அலுவலக ஊழியரில் எத்தனை, துப்புரவுப் பணியில் எத்தனை? இந்தக் கேள்விகளை ஒரு வெள்ளைத் தாளில் எழுதி அனுப்பலாம்.

இதற்காகக் கல்லூரி புதிதாக எதையும் தேட வேண்டியதில்லை. நாக் தர மதிப்பீட்டுக்கும், ஒன்றிய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்புக்கும் சமூகவாரி எண்ணிக்கையை அவர்கள் ஏற்கனவே கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். தர மதிப்பீட்டுக் குழு பார்க்கும் எண்ணை நம் தெரு பார்க்கக் கூடாதா? உண்மையில் யாரும் கேட்காமலே ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் அந்த எண்களை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டியது கல்லூரியின் வேலை. 'கிறிஸ்தவர்' என்ற பாதி இடத்துக்குள் தலித் கிறிஸ்தவருக்கு இவ்வளவு, மீதிப் பாதியில் பட்டியல் சாதியினருக்கு அரசுக் கல்லூரி அளவுக்காவது இவ்வளவு என்று தாங்களே எழுதிக்கொள்ளச் சட்டம் எதுவும் தடுக்கவில்லை. விலக்கு என்பது ஒதுக்கக் கூடாது என்ற தடை அல்லவே.

பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவையும் இருக்கின்றன. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. சிறுபான்மைக் கல்லூரியில் படித்தாலும் உண்டு. கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடருக்கும் தமிழ்நாட்டில் அது உண்டு. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வரும். சேர்க்கைக்குப் போகும்போது சாதி, வருமானச் சான்றிதழ்களோடு போங்கள். கட்டணச் சீட்டில் உதவி பெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். விண்ணப்பத்தைத் திருப்பித் தந்தால் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சிக்கண்ணாவிலும் எல்.ஆர்.ஜி.யிலும் விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள். சிஸ்டர் கல்லூரி வாசலில் காத்திருந்து அரசுக் கல்லூரிக் கலந்தாய்வைத் தவறவிட்ட குடும்பங்கள் நமக்குத் தெரியும். அங்கே கருணை இருந்தால் கிடைக்கும், இங்கே கையில் உரிமை இருக்கிறது. உரிமையை முதலில் எடுத்துவைத்துக்கொண்டு, பிறகு கருணையின் கதவைத் தட்டலாம். 1946-ல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்த அண்ணல் அம்பேத்கர், அடுத்தவர் கல்லூரியின் நல்ல மனதை மட்டும் நம்பியிருக்க முடியாது என்று தெரிந்துதானே தனிக் கல்விக் கழகமே தொடங்கினார்?

அந்தத் திண்ணைக்குத் திரும்புவோம். அப்பாவின் கேள்விக்கு இப்போது இப்படிச் சொல்லலாம்: "அண்ணா, அங்க நம்ம சனத்துக்குச் சட்டப்படி கோட்டா இல்லீங்க. குடுக்கணும்னு அவங்க சபை பேசியிருக்குது. குடுத்தாங்களான்னு கேட்டுப் பார்க்கலாம். அதுவரைக்கும் கவர்மென்ட் காலேஜ்லயும் ஒரு விண்ணப்பம் போட்டு வைங்க."

குடியிருப்புப் பெயர்களில் இருக்கும் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். நல்லது. பெயர்ப் பலகை மாறட்டும். அந்தத் தெருவிலிருந்து காலை பாசஞ்சர் ரயிலில் ஏறும் பிள்ளைகள் எத்தனை பேர், கம்பெனி வேனில் ஏறும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஊத்துக்குளி ரயில்வே ஸ்டேஷனில் ஒரு நாள் நின்று எண்ணிப் பாருங்கள். நூற்றுக்கணக்கான ஆண்டு மரபு பேசும் கல்லூரிகளும், நாமும், அந்த எண்ணிக்கைக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.